இரண்டு நெவில்கள் ஆடிய ஆட்டம்

பூட்ஸ் குதிகாலால் மைதானத்தை நான்கு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, ரக்பி ஆட்டம் கிடையாது என்று நடுவர் ஹெஸ்கெத் சொன்னபோது பிற்பகல் மணி இரண்டேகால். தரை பாறையாக உறைந்து கிடந்தது. அதற்குள் மெல்பெக்கிலிருந்து ரசிகர் பஸ் வந்து இறங்கிவிட்டது. ஆஸ்க்தோர்ப் கிளப்பின் சமையலறையில் இறைச்சி அடைத்த இருநூறு மீட்-பை சூடாகிக்கொண்டிருந்தது. நாலு மைல் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் திட்டுவதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருந்தவர்கள், எல்லாரும் குளிருக்குப் பயந்து ஒரே கூடத்துக்குள் அடைந்தார்கள்.

பெரில் ஸ்டான்கிளிஃபுக்கு அதுவே எரிச்சல். அவள் ஆஸ்க்தோர்ப் ரசிகர் சங்கத்தின் செயலாளர். முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கூட்டத்தை எப்படி உள்ளே தள்ளுவது, எப்படி இறக்கிவிடுவது என்று அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்கு யாரையும் இறக்கிவிட முடியாது. மெல்பெக் பஸ்ஸின் டிரைவர் ஐந்து மணிக்குத்தான் வருவதாகச் சொல்லிவிட்டு எங்கோ போய்விட்டான்.

சண்டை பேப்பரிலிருந்து தொடங்கியது. அந்த வாரம் உள்ளூர் பத்திரிகை, இரண்டு ஊர் ரசிகர் சங்கங்களும் தேர்ந்தெடுத்த 'எக்காலத்துக்கும் சிறந்த பதின்மூன்று பேர்' பட்டியலை அருகருகே போட்டிருந்தது. மெல்பெக் சங்கத் தலைவர் ஆர்னால்ட் டட்டன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். ஆர்னால்ட் சவப்பெட்டி செய்யும் கடை வைத்திருந்தவர். எதையும் அளவெடுப்பது மாதிரிதான் பார்ப்பார்.

"இதப் பாருங்கப்பா. ஆஸ்க்தோர்ப் டீம். முன்வரிசைல ஜேபஸ் க்ரௌதர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது. எழுபத்தாறு கிலோ. மீசையோட சேத்து. எங்காளு டிக் ஹார்ட்லி நூத்திப் பதினேழு கிலோ. ஊதினாலே போதும்."

"ஜேபஸ் சுரங்கத்துல படுத்துக்கிட்டே நிலக்கரி வெட்டுன ஆளு," என்றார் லென். லென் பழைய தபால்காரர், ஆஸ்க்தோர்ப் கிளப்பின் நூற்றிருபது வருஷ ஆட்டங்களையும் நோட்டில் எழுதி வைத்திருப்பவர். "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஷிஃப்ட்டு. மேல ஏறி வந்து, முகம் கழுவாம ஆடுவாரு."

"அப்ப களைச்சுப் போயிருப்பாரு."

"இல்லப்பா. உடம்பு சூடாயிருக்கும்."

"எங்க டீம் உங்கள நாப்பது பாயிண்ட்ல அடிக்கும் கண்ணு," என்றார் ஆர்னால்ட் பெரிலைப் பார்த்து. அந்தப் பக்கத்தில் எல்லாரும் எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். மீன்கடைக்காரனும் போலீஸ்காரனும்கூட.

"அடிச்சுக் காட்டு," என்றாள் பெரில்.

"எப்ப?"

"இப்ப. மூணு மணிக்கு. டிக்கெட் வாங்குன கூட்டம் இருக்கு, ரெஃப்ரி இருக்காரு, வேற என்ன வேணும்?"

ஆர்னால்டின் வாயை அடைக்கத்தான் அவள் அப்படிச் சொன்னாள். ஆனால் கூடம் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டது. எல்லாரும் நடுவரைப் பார்த்தார்கள். ஹெஸ்கெத் மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயரில் கணக்கு வாத்தியார். ஆட்டத்தை ரத்து செய்த குற்ற உணர்ச்சியில், ஒரு மூலையில் யார் கண்ணிலும் படாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டினார்.

"எந்தக் காலத்து விதி?" என்று கேட்டார்.

அதற்கே இருபது நிமிஷம் ஆனது. ஜேபஸ் ஆடிய காலத்தில் எத்தனை தடவை பிடிபட்டாலும் பந்தை விட வேண்டாம். இப்போது ஆறாவது பிடியோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் ஊன்றும் ட்ரைக்கு அப்போது மூன்று புள்ளி, இப்போது நாலு. கடைசியில் இன்றைய விதி, அன்றைய சேறு என்று முடிவானது. காய்ந்த தரையில் புதிய ஆட்டக்காரர்கள் பறந்துவிடுவார்கள் என்பது லென்னின் வாதம். ஹெஸ்கெத் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டார். பந்து தோல் பந்து. மழை இரண்டாம் பாதியில் மட்டும்.

கூடத்தின் நடுவே இருந்த ஸ்நூக்கர் மேஜையில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். பீர் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டைகளில் இருபத்தாறு எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதினார்கள். ஒவ்வொரு தரப்பும் தன் ஆட்டக்காரன் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு மறுக்கலாம். நடுவர் தீர்ப்புதான் முடிவு. கடிகாரம் நிஜக் கடிகாரம். எண்பது நிமிஷம்.

அட்டை எழுதும்போதுதான் அந்த விஷயம் மேஜைக்கு வந்தது. இரண்டு அணியிலும் ஏழாம் நம்பர் ஒரே ஆள். நெவில் தாக்ரே.

ஏழாம் நம்பர்தான் ஆட்டத்தை நடத்துபவன். பந்து யாருக்கு, எப்போது, எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பவன். நெவில் இருபத்திரண்டு வயதில் ஆஸ்க்தோர்ப்புக்கு ஆடியதைப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் வேறு யாரையும் சரியாகப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வயதில் அவன் மெல்பெக் கிளப்புக்குப் போனான். அங்கே சிப்ஸ் கடை வைத்திருந்த ஒருத்தியோடு குடித்தனமும் போனான். ஒரே வாரத்தில் கிளப்பையும் பெண்டாட்டியையும் மாற்றினான். ஊர் இரண்டாவதை மன்னித்துவிட்டது. முதலாவதை மன்னிக்கவில்லை. அந்தப் பெண்டாட்டி பெரில்.

பட்டியல் போடும் கூட்டத்தில் ஓட்டு சரிசமமாக நின்று, கடைசி ஓட்டு பெரிலிடம் வந்தது. புருஷனாக மார்க் போட்டால் அவனுக்குப் பூஜ்யம். ஆனால் மைதானத்தின் ரயில்வே பக்கத்துப் படிக்கட்டில் நின்று அவன் ஆடியதைப் பார்த்தவள் அவள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "போடுங்க. அவன் பேரைப் போட்டுத் தொலைங்க," என்றாள். மெல்பெக்காரர்கள் அவர்கள் பங்குக்கு முப்பத்தொரு வயது நெவிலைப் போட்டிருந்தார்கள். அந்த வயதில் அவன் அவர்களுக்குக் கோப்பை வாங்கித் தந்தான்.

அறுபத்தேழு வயது நெவில் மெல்பெக் பஸ்ஸில் வந்து, ஹீட்டர் பக்கத்தில் ஒரு பைண்ட் பீரோடு உட்கார்ந்திருந்தான். தன் பெயர் இரண்டு அட்டையில் எழுதப்படுவதைத் தலையை நீட்டிப் பார்த்தான்.

"எழுத்துப் பிழை," என்றான். "தாக்ரேல ரெண்டு ஆர் கெடயாது."

"சும்மா இரு," என்றாள் பெரில். முப்பத்தொன்பது வருஷத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

மூன்று மணிக்கு விசில் ஊதியது. நாணயம் சுண்டியதில் மெல்பெக் ஜெயித்து பந்தை எடுத்தது.

முதல் தகராறு நான்காம் நிமிஷத்தில் வந்தது. ஜேபஸ் ஆறு தடவை பிடிபட்டும் பந்தை விடவில்லை என்று ஹெஸ்கெத் ஃப்ரீ கிக் கொடுத்தார்.

"அவரு செத்ததே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணுல சார்," என்றார் லென். "ஆறு பிடி விதி வந்தது எழுபத்திரண்டுல. அவருக்கு எப்படித் தெரியும்?"

"உடை மாத்துற அறைல யாராவது சொல்லியிருக்கணும்," என்றார் ஹெஸ்கெத்.

"சொன்னோம். அவரு கேக்கல. சுரங்கத்துல வெடி வெச்சு வெச்சு காது மந்தம்."

"அது உங்க பாடு."

அந்த ஃப்ரீ கிக்கிலிருந்து டிக் ஹார்ட்லி நேராக ஓடி ட்ரை போட்டார். அதைத் தடுக்க எமிரிஸ் என்ற வேல்ஸ்காரரை லென் முன்னே தள்ளினார். டிக் எமிரிஸைத் தாண்டி நடந்து போனதாக ஆர்னால்ட் சொன்னார். நடந்து போனதாகச் சொன்னதுதான் லென்னை அதிகம் புண்படுத்தியது. இருபதாம் நிமிஷத்தில் சைமோனி கைமாற்றிய பந்தை இருபத்திரண்டு வயது இளைய நெவில் கொண்டுபோய் ஆஸ்க்தோர்ப்புக்கு ட்ரை போட்டான். சைமோனி இரண்டாயிரத்து நாலில் வந்த டோங்கா தீவுக்காரர். அவருக்கும் ஜேபஸுக்கும் என்ன பாஷையில் பேச்சு என்று ஆர்னால்ட் கேட்டார். பந்து கேக்கறதுக்கு எதுக்கு பாஷை என்றாள் பெரில். நடுவர் அதையும் ஒப்புக்கொண்டார்.

மெல்பெக் இன்னொரு ட்ரை போட்டது; ட்ரைக்கு அப்புறம் வரும் உதையில் ஆளுக்கு இரண்டு புள்ளி கிடைத்ததால், இடைவேளைக்கு மெல்பெக் பத்து, ஆஸ்க்தோர்ப் ஆறு. எல்லாரும் மீட்-பை தின்றார்கள். நிஜ ஆட்டமாக இருந்திருந்தால்கூட இவ்வளவு சத்தம் இருந்திருக்காது என்று சமையலறைப் பெண் சொன்னாள்.

பெரிலின் வேலை இளைய நெவிலை நகர்த்துவது. அவனை உன்னைவிட யாருக்குத் தெரியும் என்று லென் அதை அவள் தலையில் கட்டியிருந்தார். அட்டையில் விரலை வைத்தாலே அவன் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைவிட மோசம், ஒவ்வொரு தடவையும் மெல்பெக்கின் முப்பத்தொரு வயது மூத்த நெவில் குறுக்கே வந்து நின்றான். ஆர்னால்ட் பெரிதாக யோசிக்கவும் இல்லை. "இவன் என்ன செய்வான்னு அவனுக்குத் தெரியும்ல? இவன்தானே அவன்," என்று சொல்லி அட்டையைக் குறுக்கே வைத்தார். நடுவருக்கு மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாம் பாதியில் பெரில் ஒரு தண்டனை உதையில் இரண்டு புள்ளி எடுத்தாள். பத்து, எட்டு. மழை தொடங்கிவிட்டதாக ஹெஸ்கெத் அறிவித்தார். அப்புறம் இளைய நெவில் இடப்பக்கம் நீளமாக ஒரு பந்து போட்டதாக அவள் சொன்னாள்.

"நான் அப்படிப் போடமாட்டேன்," என்றது ஹீட்டர் பக்கத்துக் குரல்.

"மிஸ்டர் தாக்ரே, தயவுசெஞ்சு," என்றார் ஹெஸ்கெத்.

"ஈரப் பந்து சார். அந்தப் பந்த அவ்வளவு தூரம் எவனும் போடமாட்டான். நான் போட்டதே இல்ல."

"ரெண்டாவது எச்சரிக்கை."

"பந்து முன்னாடி போயிருக்கு. பின்னாடிதான போடணும்? உங்களுக்குக் கண்ணு தெரியலயா?"

ஹெஸ்கெத் விசில் ஊதினார். இரண்டு கையையும் தூக்கி பத்து விரலையும் காட்டினார். "நடுவர்கிட்ட வாதம். பத்து நிமிஷம் வெளிய."

"யோவ், நான் வேடிக்கை பாக்க வந்தவன்யா."

"உங்க பேருல ரெண்டு அட்டை மேஜைல இருக்கு. நீங்க ஆட்டக்காரர். வெளிய போங்க."

ஆர்னால்டும் லென்னும் அன்றைக்கு முதல் தடவையாக ஒரே பக்கம் நின்று எதிர்த்தார்கள். பலிக்கவில்லை. ஹெஸ்கெத் இரண்டு நெவில் அட்டையையும் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு அணியும் பன்னிரண்டு பேரோடு நின்றன. நெவில் கதவைத் திறந்துகொண்டு கார் நிறுத்தும் இடத்துக்குப் போனான். கோட்டு நாற்காலியிலேயே கிடந்தது.

பெரில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் உறைந்த புல்லில், கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, உள்ளே பார்க்காமல் நின்றான். அவள் லென்னிடம் ஆட்டத்தை ஒப்படைத்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"குளிர்ல சாகாத. எங்க கிளப் வாசல்ல செத்தா எங்க தலைலதான் விடியும்."

அவன் கோட்டைப் போட்டுக்கொண்டான். "யாரு முன்ன?"

"பத்து எட்டு. நீங்கதான்."

"நீங்கன்னா? எந்த நான்?"

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. விடவில்லை. "முப்பத்தொரு வயசு நெவில எப்படித் தாண்டுறது? உனக்குத் தெரியாம இருக்காது."

அவன் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தான். வாயிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"அவனுக்கு இடது முட்டி கெடயாது," என்றான்.

"என்னது?"

"இங்க கடைசி வருஷத்துலயே போயிருச்சு. என்னச் சேக்கறதுக்கு முன்ன மெல்பெக் டாக்டர் பாக்க வந்தப்ப திரைக்குப் பின்னால நின்னு வலது முட்டிய மட்டும் வெளிய நீட்டிக் காமிச்சேன். இடது எங்கன்னாரு. உள்ள போய்த் திரும்பி நின்னு மறுபடி வலதையே காமிச்சேன். வயசானவரு. ரெண்டும் நல்லாயிருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. அஞ்சு வருஷம் இறுக்கிக் கட்டிக்கிட்டே ஆடினேன். என் வலது கைப்பக்கமே நின்னு சமாளிச்சேன். இடது பக்கம் எவனாவது திரும்பியிருந்தா முடிஞ்சிருப்பேன்."

பெரில் அவன் முட்டியைப் பார்த்தாள், கால்சட்டைக்கு மேலாகத் தெரியப்போவது போல.

"அந்த வருஷம் மாடிப்படில ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து எறங்குவ," என்றாள். "குடிச்சிட்டு வந்திருக்கேன்னு நெனச்சேன். ராத்திரி பூரா கத்துவேன்."

"நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். முட்டி போச்சுன்னு சொன்னா நீ லென் கிட்ட சொல்லுவ, லென் நோட்டுல எழுதிருவான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான்."

உள்ளே பெரிய கூச்சல் கேட்டது. அவள் திரும்பிப் போனாள். மெல்பெக் ஒரு ட்ராப் கோல், பந்தைத் தரையில் தட்டி உதைப்பது, அடித்து ஒரு புள்ளி எடுத்திருந்தது. பதினொன்று, எட்டு. லென் முகம் வெளுத்துப்போய் நின்றார்.

பத்து நிமிஷம் முடிந்ததும் ஹெஸ்கெத் கதவைத் திறந்து நெவிலை உள்ளே கூப்பிட்டார். இரண்டு அட்டையையும் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். அவன் பழைய நாற்காலிக்குப் போகாமல் மேஜையருகே நின்றுகொண்டான்.

எழுபத்தெட்டாவது நிமிஷம். பந்து ஆஸ்க்தோர்ப்பிடம், ஐந்தாவது பிடி. பெரில் இளைய நெவிலின் அட்டைமேல் விரலை வைத்தாள். ஆர்னால்ட் மூத்த நெவிலைக் குறுக்கே கொண்டுவந்தார்.

"இவன் அவனோட இடப்பக்கமாத் திரும்பறான்," என்றாள் பெரில். "தாண்டிட்டான்."

"எப்படித் தாண்டுவான்? அவனுக்குத்தான் இவன் புத்தி தெரியுமே."

"புத்தி தெரியும். முட்டி திரும்பாது. அவனுக்கு இடது முட்டி இல்ல."

"பொய். எங்க டாக்டர் ரெண்டு முட்டியும் பாத்து சர்டிஃபிகேட் குடுத்தாரு."

"ஒரே முட்டிய ரெண்டு தடவை பாத்தாரு."

கூடத்தில் எல்லா முகமும் நெவில் பக்கம் திரும்பியது. மெல்பெக்கில் அவன் காலடி படாத மதுக்கடை இல்லை. அந்தக் கோப்பைக்காக இன்னும் எவனாவது ஒருவன் அவனுக்கு பீர் வாங்கித் தருவான். சிப்ஸ் கடைக்காரி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமான பிறகு, அந்த ஊரில் அவனுக்கு மிச்சமிருந்தது அதுதான். பெரிலுக்கு அது இப்போதுதான் உறைத்தது. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள்.

"ரெஃப்ரி, நான் பேசலாமா?" என்றான் நெவில். "மறுபடி வெளிய அனுப்பிர மாட்டீங்களே?"

"சாட்சியாப் பேசுங்க."

அவன் மேஜைமேல் குனிந்தான். இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். "இந்தப் பய இந்தப் பக்கமா வந்தான்னா," என்று இளையவனைத் தொட்டுக் காட்டினான், "அந்தக் கெழவனால ஒண்ணும் பண்ண முடியாது. அந்த முட்டி எழுபத்தாறாம் வருஷமே போயிருச்சு."

ஹெஸ்கெத் விசில் ஊதினார். ட்ரை. பன்னிரண்டு, பதினொன்று. அடுத்த உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியதாக ஆர்னால்ட் மெல்லிய குரலில் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. கடைசி இரண்டு நிமிஷமும் பந்து சேற்றில் சிக்கியே கிடந்தது.

ஆஸ்க்தோர்ப்காரர்கள் லென்னைத் தோளில் தூக்க முயன்று, இடுப்பு பிடித்துக்கொண்டதால் இறக்கிவிட்டார்கள். ஆர்னால்ட் நெவில் முன்னால் போய் நின்றார்.

"அஞ்சு வருஷம் ஒத்தக் கால்ல ஆடி எங்களுக்குக் கோப்பை வாங்கித் தந்திருக்க."

"ஆமா ஆர்னால்ட்."

"அது பெருமையா அவமானமான்னு எனக்குப் புரியல. புரியற வரைக்கும் நீ எங்க பஸ்ஸுல ஏறாத."

ஐந்து மணிக்கு பஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்பியது. பெரில் தன் சின்னக் காரின் கதவைத் திறந்துவிட்டாள். நாலு மைலும் அவன் பேசிக்கொண்டே வந்தான். அந்த நீளப் பந்து முன்னால்தான் போனது, மழையில் தோல் பந்து எவ்வளவு கனக்கும் தெரியுமா, மூத்தவனுக்கு இன்னும் ஒரு வழி இருந்தது, கீழே விழுந்து கணுக்காலைப் பிடித்திருக்கலாம். கல்யாணம் ஆன ஐந்து வருஷத்தில் அவன் மொத்தமாகவே இவ்வளவு பேசியதில்லை. அவளுக்குக் காது வலித்தது. ஆனாலும் மெல்பெக் முனையில் சிவப்பு விளக்கு விழுந்தபோது, "அப்ப ஏன் பிடிக்கல?" என்று அவளே கேட்டாள். விளக்கு பச்சையாகி, பின்னால் வந்த வண்டி ஹார்ன் அடிக்கும் வரைக்கும் அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு நாள் கழித்து மெல்பெக் சங்கத்திலிருந்து முறைப்படி கடிதம் வந்தது. நெவில் தாக்ரேயை அணியிலிருந்து நீக்கவில்லை. இரண்டு முட்டியும் நன்றாக இருந்த இருபத்து மூன்று வயதில் அவர் உங்கள் ஆட்டக்காரர் என்பதால், அந்த வயதுக்கு அவரை இறக்கிக்கொள்ளவும் விதியில் இடமில்லை. ஆகவே முட்டியில் இறுக்கமான கட்டோடு அவரைச் சேர்த்திருக்கிறோம், மார்ச் இருபதாம் தேதி மறு ஆட்டம் ஆட வேண்டும் என்று ஆர்னால்ட் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பெரில் கடிதத்தை லென்னிடம் காட்டினாள். லென் நோட்டைப் புரட்டினார். அது போதாமல் ஒருநாள் மாதா கோயிலுக்கும் போய்ப் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷத்துத் திருமணப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே அவள் பதில் எழுதினாள். ஜேபஸ் க்ரௌதருக்கு மார்ச் பதினெட்டாம் தேதி திருமணம். இருபதாம் தேதி அவர் மனைவியோடு ஸ்கார்பரோ கடற்கரையில் இருப்பார். அவர் இல்லாமல் எங்களால் அணியை இறக்க முடியாது. ஏப்ரலில் வைத்துக்கொள்ளலாமா?

ஆர்னால்ட் ஒத்துக்கொண்டார். மணமக்களுக்கு வாழ்த்தும் எழுதியிருந்தார்.